நான்காவது பேனரில் இருந்த வீடு

இருபது வருஷமாக விழிப்புணர்வு ஊட்டிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் ஒரு தொழில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறது. கொசு ஒழிப்பு, ஹெல்மெட், மழைநீர் சேகரிப்பு, கை கழுவுவது எப்படி என்று அரசுக்கு மக்களிடம் எதைச் சொல்லத் தோன்றுகிறதோ, அதை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டு, பேனர் கட்டி, மேசை போட்டு, மைக்கில் சொல்லிவிட்டு வருவேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எந்தச் சமுதாயக் கூடத்தில் மின்விசிறி ஓடும், எதில் சாவிக்காரர் பத்து மணிக்கு முன்னால் வரமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் விழிப்புணர்வு. நம்ம வீட்ல கேஸ் புக் பண்ணணும்னு நெனப்பில்ல" என்பாள்.

போன வருஷம் வந்த வேலையில்தான் நான் முழுசாகக் குழம்பிப் போனேன். நம் அரசு வெளிநாடுகளுக்கு என்னென்ன உதவி செய்கிறது என்பதை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். ஆறு பேனர்களை உருட்டிக் கையில் கொடுத்தார்கள். முதலாவதில் எங்கோ ஒரு மலைநாட்டில் பாலம். இரண்டாவதில் ஒரு தீவில் ஆஸ்பத்திரி. மூன்றாவதில் குழாய்க் கிணற்றைச் சுற்றி ஆப்பிரிக்கக் குழந்தைகள். நான்காவதில் இலங்கையில் கட்டிய வீடுகள். ஐந்தாவதில் விமானத்திலிருந்து இறங்கும் மருந்துப் பெட்டிகள். ஆறாவதில் கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வேலை கொடுத்த அலுவலகத்தில் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அவரிடமே கேட்டுவிட்டேன்.

"மேடம், கொசுன்னா தேங்கின தண்ணியக் கொட்டுங்கன்னு சொல்வேன். ஹெல்மெட்னா போடுங்கன்னு சொல்வேன். இதைக் கேட்டுட்டு ஜனங்க என்ன பண்ணணும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் செய்யச் சொல்லாமல் ஒரு கூட்டத்தை எப்படி முடிப்பது? "நன்றி, தெரிந்துகொண்டீர்கள், போய் வாருங்கள்" என்றா?

முதல் கூட்டம் நான் குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே, ஒரு காலனி சங்கத்தின் மாடியில் நடந்தது. இருபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் டீக்காக வந்தவர்கள். நான் ஆறு பேனரையும் வரிசையாக விளக்கி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு என்ஜினியர் ஒருவர் எழுந்தார்.

"எங்க தெருவுல மழைநீர் வடிகால் தோண்டிப் போட்டு ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. பாதியில நிக்குது. அந்த மலைநாட்டுப் பாலம் கட்டி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு சார்."

"அப்போ அந்த கான்ட்ராக்டர் நம்பர் கொஞ்சம் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அடுத்து ஒரு டீச்சரம்மா, இதெல்லாம் சும்மா கொடுக்கிற உதவியா, திருப்பி வாங்குகிற கடனா என்று கேட்டார். கையிலிருந்த குறிப்பைப் பார்த்தேன். சிலது அப்படி, சிலது இப்படி என்று இருந்தது. அதையே வாசித்தேன். அவர் பரீட்சைத் தாளில் அரை மார்க் போடுவதுபோல என்னைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் பழைய ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலனி வருவதற்கு முன் அங்கே நெல் விளைந்ததே, அந்த நிலத்துக்காரர். அவர் எழுந்திருக்காமலேயே பேசினார்.

"வெள்ளம் வந்துச்சே, அப்போ நாங்க மொட்ட மாடில நாலு நாள் குந்திக்கினு இருந்தோம். மேலேர்ந்து பொட்டலம் போட்டாங்க. எவன் போட்டான்னு இன்னி வரிக்கும் தெரியாது. துன்னோம். குடுத்தவன் பேனர் கட்டிக்கினு வரலியே சார்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் குத்திக்காட்டத்தான் சொன்னார் என்று அப்போது கோபம் வந்தது. இல்லை, நிஜமாகவே கேட்டார் என்று ராத்திரி சாப்பிடும்போது தோன்றியது. கொடுப்பது சரி, கொடுத்ததைச் சொல்லிக்கொள்வது சரியா? சொல்லாவிட்டால் யார் பணத்தில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டாமா? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இரண்டாவது கூட்டம் கீழ்க்கட்டளையில், ஆடி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சமுதாயக் கூடத்தின் வாசலில் அரசு முத்திரை போட்ட பேனர், உள்ளே ஒரு மேசை, மேசைமேல் ஒரு நோட்டு, பக்கத்தில் சீல். இந்தப் பக்கத்தில் இவ்வளவு இருந்தால் போதும், அது முகாம். என்ன முகாம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரை மணி நேரத்தில் வரிசை நின்றுவிட்டது. எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு போட்டோ. பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு எரியவில்லை என்று ஆளுக்கொரு மனு.

இது எனக்குப் புதிதில்லை. கொசு ஒழிப்பு முகாமிலேயே சாதிச் சான்றிதழுக்கு மனு வாங்கியிருக்கிறேன். வாங்க மாட்டேன் என்றால் சண்டை வரும். வாங்கிக்கொண்டு, நோட்டில் எழுதி, "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு சீட்டில் கையெழுத்து போட்டு, கீழே என் செல் நம்பரையும் எழுதிக் கொடுப்பேன். மறுநாள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி வார்டு அலுவலகத்தில் சேர்த்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

வரிசை கரைந்த பிறகும் ஒரு அம்மா மட்டும் போகவில்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மெரூன் கலரில் மஞ்சள் கரை போட்ட புடவை. நான்காவது பேனருக்கு முன்னால் நின்றுகொண்டு, அதிலிருந்த வீட்டை ஓரங்குல இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், மனப்பாடமாக, "இது நம்ம அரசு இலங்கையில கட்டிக் குடுத்த வீடும்மா" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு, "ஆமா சார், தெரியும்" என்று திருத்திக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புருஷன் பெயின்டர், இறந்துவிட்டார். ஒரே மகள் இங்கேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். இவரும் மகள் குடும்பத்தோடு அந்தத் தெருவிலேயே வாடகை வீட்டில் இருந்தார். இதையெல்லாம் சாதாரணமாக நம்மூர்ப் பேச்சில்தான் சொன்னார். ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் பேச்சு மாறிவிட்டது.

"இந்த வீடு மாதிரித்தான் சார், எங்கட காணியும் ரோட்டோரம். முன்னால ரெண்டு பனை நிண்டது. வீடு விழுந்திட்டுது. காணி இருக்கு. தம்பி பக்கத்துல இருக்கிறான்."

அவருக்குத் திரும்பிப் போக வேண்டும். கடைசிக் காலத்தைச் சொந்த மண்ணில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மகள் ஒரே பிடியாக நின்றாள். தலைக்கு மேல் கூரை இருந்தால் போ, இல்லையென்றால் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டாள்.

"அங்க இருக்கிற ஆக்களுக்குக் கட்டிக் குடுக்கினம். இங்க வந்த எனக்கு, அங்க கட்டித் தருவாங்களா சார்?"

உதவி நம் அரசுடையது. இவர் நம் மண்ணில் இருக்கிறார். நிலம் அங்கே இருக்கிறது. அங்கே இருந்தால் அங்கே கேட்கலாம், இங்கே இருப்பதால் எங்கே கேட்பது? என்னிடம் இருந்த குறிப்பில் இப்படி ஒரு கேள்விக்கு இடமே இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "ஒரு மனு எழுதிக் குடுங்கம்மா" என்றேன். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவருக்கு எழுத வராது என்பதால் நானே எழுதினேன். அனுப்புநர் என்று அவர் பெயரை எழுதினேன். பெறுநர் என்று எழுதி, அதற்கு மேல் பேனா ஓடவில்லை. யாருக்கு? இந்த நாட்டுக்கா, அந்த நாட்டுக்கா? கடைசியில் "உயர்திரு அதிகாரி அவர்கள்" என்று மொட்டையாக எழுதி ஒப்பேற்றினேன். சீட்டில் கையெழுத்து போட்டுக் கொடுத்ததும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லையா சார்?"

அந்த சீலில் "நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்" என்றுதான் இருக்கும். டீ பில்லுக்குப் போடுவது. ஆனால் சீல் இல்லாத காகிதத்தை இங்கே யாரும் காகிதமாகவே மதிப்பதில்லை. வெறும் கையோடு போகிற முகத்தைப் பார்க்க முடியாமல் அழுத்திக் குத்திக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அது ஒன்று.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பொதுமக்கள் ஆர்வத்தோடு பார்வையிடுவதுபோல் ஒரு போட்டோ எடுத்து அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டாக வேண்டும். அந்த அம்மாவையே நான்காவது பேனர் முன்னால் நிற்கச் சொன்னேன். அவர் பேனரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றார். கையில் அந்தச் சீட்டு. முகத்தில் ஒரு சிரிப்பு. அவ்வளவு நல்ல போட்டோ நான் அதற்கு முன் எடுத்ததில்லை.

மறுநாள் அந்த மனுவை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இது நம்ம சப்ஜெக்ட் இல்லையே சார். வீடு வேணும்னா அங்க இருக்கிறவங்க அங்கதான் கேக்கணும். நமக்கு விழிப்புணர்வு மட்டும்தான்."

"அப்போ இதை யாருக்கு அனுப்பறது மேடம்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "ஆனா சார், உங்க கூட்டத்துலதான் ஒருத்தங்க இவ்ளோ ஆழமா விஷயத்தைப் புரிஞ்சிக்கிட்டிருக்காங்க. அறிக்கையில எழுதுங்க" என்றார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை திருநீர்மலையில் கூட்டம் அலைமோதும் என்பதால், அடிவாரத்தில் ஒரு பந்தலில் பேனர்களைக் கட்டியிருந்தோம். பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கியவர்கள் ஆப்பிரிக்கக் கிணற்றின் நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அந்த அம்மா வந்து நின்றார். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக என் சீட்டு.

ஒரு மாதமாக அவர் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இனி ஒளிய முடியாது என்று உடைத்துச் சொன்னேன்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அந்தச் சீலுக்கு ஒரு மதிப்பும் இல்ல. உங்க மனு எங்கயும் போகல. போறதுக்கு இடமே இல்ல."

"சரி சார்" என்றார். அழவில்லை, திட்டவில்லை. கவரை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். நம்பினாரா, மேலிடத்தில் என்னைப் பேச விடாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தாரா, எதுவும் எனக்குப் புரியவில்லை.

பொங்கல் முடிந்ததும் புது பேனர்கள் வந்தன. மறுபடி கீழ்க்கட்டளை, அதே கூடம். நான்காவதைப் பிரித்தேன். அந்த அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெரூன் புடவை, கையில் காகிதம், அந்தச் சிரிப்பு. பின்னால் அழகான ஓட்டு வீடு. அச்சடிக்கும் இடத்தில் யாரோ என் போட்டோவில் பேனரின் விளிம்பை வெட்டி எடுத்திருக்கிறார்கள். விளிம்பு போனதும் பேனர் போய்விட்டது, வீடு மட்டும் நின்றது. கீழே கொட்டை எழுத்தில், "புதிய வீட்டின் முன் மகிழ்ச்சியுடன் பயனாளி."

அதிகாரிக்குப் போன் செய்தேன். அவரும் பதறினார். எல்லா ஊருக்கும் போய்விட்டது, திருப்பி வாங்க எழுதிக் கேட்கிறேன், அதுவரை அதைக் கட்டாதீர்கள் என்றார். சரியென்று பேனரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்துவைத்தேன். அந்த அம்மா வரவே கூடாது என்று திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார். ஐந்து பேனர்களைப் பார்த்துவிட்டு நேராக சுவரோரம் போய்த் தானே திருப்பினார்.

கையை நீட்டிக் கூரை ஓட்டைத் தடவினார். பிறகு தன் முகத்தை. நான் பக்கத்தில் போய், தவறு நடந்துவிட்டது, எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று உளறினேன். அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"இதை எனக்குத் தருவீங்களா சார்? மகளுக்குக் காட்டணும்."

"அம்மா, அங்க வீடு இல்லம்மா."

"எனக்குத் தெரியும் சார். நீங்கதானே சொன்னீங்கள். அவளுக்குத் தெரிய வேணாம். வீடு இருக்கெண்டு நம்பினா என்னைப் போக விடுவாள். போய்ச் சேந்திட்டா, மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

இருபது வருஷமாக நாலு பேருக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவைத்துக் கூலி வாங்குகிறவன் நான். ஒருத்திக்குத் தெரியக்கூடாததைத் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். முடியாது என்று சொல்வதுதான் சரி. அவர் போக விரும்புவது அவருடைய சொந்த ஊருக்கு, அதுவும் சரி. தயங்கி நின்ற என்னிடம், "ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்றார்.

"பேனர்ல மை ஒட்டாதும்மா" என்றேன். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

"அப்ப சும்மாவே தாங்க."

சுருட்டிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில், நான்காவது பேனர் கிழிந்துவிட்டது என்று எழுதினேன். அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் நடந்து போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான் என்று பயமாக இருந்தது.

நாலாவது நாள் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. மகள். சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"சார், எங்கம்மாவுக்கு ஊர்ல வீடு வந்துடுச்சுன்றாங்க. பேனர்லாம் காட்றாங்க. நெஜமா?"

வாய்வரைக்கும் வந்த பொய்யை விழுங்கினேன். அந்தப் பெண்ணிடம் என்னால் முடியவில்லை.

"இல்லம்மா. அது நான் கீழ்க்கட்டளையில எடுத்த போட்டோ. வீடு பேனர்ல இருக்கிறது. தப்பு என்னுதுதான்."

அந்தப் பக்கம் பில் மெஷின் சத்தம் கேட்டது. அவள் ஒரு கஸ்டமருக்குக் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அது பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சு சார். அந்தப் பொடவை நான் எடுத்துக் குடுத்தது. ஓரத்துல ஒரு செவப்பு சேர் தெரியுது பாருங்க, முதுகுல வெள்ள பெயின்ட்ல நம்பர் போட்டு. அந்த ஹால்லதான் எனக்கு வளைகாப்பு நடந்துச்சு. அந்த சேர்லதான் குந்திக்கினு இருந்தேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"எங்கம்மா என்னாண்ட பொய்யே சொன்னதில்ல சார். மொத தபா சொல்றாங்க. அவ்ளோ ஆசையா கீதுன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. மாமாகிட்ட பேசிட்டேன். அவர் வூட்லயே ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன்னாரு. போறதுக்கு வேண்டிய பேப்பர்லாம் ஆபீஸ்ல குடுத்துட்டேன். பொட்டி கட்டிக்கினு இருக்காங்க. என்னை ஏமாத்திட்டதா நெனச்சு சந்தோஷமா இருக்காங்க. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க சார். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

சொல்ல மாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு, அந்த மாத அறிக்கையை எடுத்தேன். எத்தனை பேர் விழிப்புணர்வு பெற்றனர் என்ற கட்டம் வந்தது. வீடு இல்லையென்று அம்மாவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும், நான் சொல்லக்கூடாது. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவைத்தேன். அதிகாரி போன் செய்து, ஏதோ விட்டுப்போயிருக்கிறதே சார் என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன்.